பல்செட் அக்காவின் பேரில் ஒரு பியானோ

பல்செட் அக்காவுக்குப் பொறாமை என்பது பசி மாதிரி. நேரம் தவறாமல் வந்துவிடும். எதிர்வீட்டுக் கொடியில் புதுப் போர்வை காய்ந்தால் வரும். பஸ்ஸில் தனக்கு முன்னால் ஏறியவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தால் வரும். தங்கைக்குத் தலைமுடி இன்னும் கறுப்பாகவே இருக்கிறது என்பதற்காக ஒரு வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள். கேட்டால் மறைக்கவும் மாட்டாள். "ஆமா, வயிறு எரியுது. எரியற வயித்தை வெச்சுக்கிட்டு குளுகுளுன்னு இருக்குன்னா சொல்ல முடியும்?" என்பாள். இப்படிப் போட்டு உடைத்துவிடுவதாலோ என்னவோ, அவளை வெறுத்தவர்கள் யாரும் இல்லை.

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் நீளமான அறை, நடுவில் நீளமான மேசை, மேசை முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். நோயாளியின் வாயில் வைத்தெடுத்த அச்சு வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பது ஒருவர், அந்தத் தாடை மேல் மெழுகில் ஈறு கட்டுவது ஒருவர், அந்த மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு வரிசைப்படுத்துவது அக்கா. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பட்டும் படாமலும் கூட வேண்டும். அதற்கு அவள் கை பழகியிருந்தது. கைதான் பழகியதே தவிர மனசு பழகவில்லை. முகமே தெரியாத ஒரு வாயைப் பார்த்துக்கூட, "இந்தம்மாவுக்கு எதுக்கு இவ்ளோ லட்சணமான மேல்தாடை?" என்று பொருமுவாள். பக்கத்தில் உட்கார்ந்து மெழுகு உருக்குகிறவர், "பல்லு மொத்தமும் போனவங்க மேலயும் பொறாமைப்படற ஒரே ஆளு நீதான்மா" என்பார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற பாதி லிஃப்ட்டுகளின் வயிற்றுக்குள் போய் வந்தவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைச் சமாதானப்படுத்திச் சமாதானப்படுத்தியே அவர் குரல் மெத்தென்று ஆகிவிட்டது. எதற்கும் அவசரப்பட மாட்டார். ஒரே மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அக்காவுக்கு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்தது அந்த மகள்தான். கல்லூரியில் சேர்ந்தபோது பெற்றோர் யாராவது ஒருவருடைய முகவரி வேண்டும் என்று கேட்டார்கள். முதலெழுத்தும் பேரும் மட்டும் போட்டுப் பார்த்தாள், கிடைத்துவிட்டது. "உனக்கு அதிர்ஷ்டம்மா. எல்லாரும் பேருக்குப் பின்னாடி நாலு நம்பர் சேர்த்தாத்தான் கிடைக்கும். உனக்குச் சும்மாவே கிடைச்சிருச்சு" என்றாள். தனக்கு அதிர்ஷ்டம் என்று யாரோ சொல்லிக் கேட்பதே புதிதாக இருந்ததால், அதை அக்கா கொஞ்ச நாள் கூடத்தில் சொல்லித் திரிந்தாள்.

அந்த அதிர்ஷ்டத்தின் வழியாகத்தான் வினை வந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தவள், தன் பேரில் வந்திருந்த ஒரு மின்னஞ்சலைப் படித்தாள். 'தாங்கள் தேர்ந்தெடுத்த பியானோ வந்து சேர்ந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டாள். அடுத்து ஒரு நூலகம், உறுப்பினரானதற்கு வாழ்த்துச் சொன்னது. அதற்கடுத்து ஒரு செருப்புக்கடை, அவள் கேட்ட செந்நிற ஷூ அவள் அளவிலேயே இருக்கிறது என்றது. ஓவிய வகுப்பு ஒன்று, புதன்கிழமை மாலை வரும்போது கரித்துண்டுப் பென்சில் எடுத்துவரச் சொன்னது. கடைசியில் வந்ததுதான் கலவரப்படுத்தியது. 'உங்கள் கணக்கின் கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளது. மாற்றியது நீங்கள் இல்லையென்றால் உடனே நடவடிக்கை எடுக்கவும்.'

சாயங்காலம் மகளிடம் காட்டினாள். மகள் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது.

"அம்மா, இது அடையாளத் திருட்டு."

"அடையாளத்தை எப்படிடி திருடுவாங்க?" என்று கேட்டார் அப்பா, சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"பேரு, பிறந்த தேதி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அம்மா மாதிரியே நடிப்பாங்கப்பா. அம்மா பேர்ல கடன் வாங்குவாங்க. அம்மா பேர்ல வீட்டைக்கூட வித்துடுவாங்க."

"நம்மகிட்டதான் சொந்த வீடே இல்லையே."

"விளையாடாதீங்கப்பா!"

மறுநாள் காலையில் மூவரும் வங்கிக்கு ஓடினார்கள். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அக்காவின் கணக்கையும் அட்டையையும் அப்போதே முடக்கிவைத்தார். அங்கிருந்து காவல் நிலையம். இந்த மாதிரி புகார்களைக் கேட்க அங்கே ஒரு பெண் அதிகாரி தனியாக இருந்தார். கம்ப்யூட்டரில் விரல்களை வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னென்ன போச்சும்மா?"

"ஒண்ணும் போகலை மேடம்."

"ஒண்ணும் போகலையா? அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒரு பியானோ வருது."

அதிகாரி விரல்களை எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துப் பார்த்தார். பியானோவுக்குக் காசு கட்டியாகிவிட்டது, ஷூவுக்குக் கட்டியாகிவிட்டது, ஓவிய வகுப்புக்கும் கட்டியாகிவிட்டது. எதுவும் அக்காவின் கணக்கிலிருந்து போகவில்லை.

"நானும் எத்தனையோ திருடங்களைப் பாத்திருக்கேன். அடுத்தவங்க பேர்ல சொந்தக் காசைச் செலவழிக்கற திருடியை இப்பத்தான் பாக்கறேன். புகாரை எழுதி வெச்சுக்கறேன். ஏதாவது போச்சுன்னா ஓடி வாங்க. ஏதாவது வந்துச்சுன்னா மெதுவா வாங்க."

திரும்பி வரும்போது மகளுக்கும் கணவருக்கும் பாரம் இறங்கிவிட்டது. அக்காவுக்குத்தான் இறங்கவில்லை. பயம் எழுந்து போன இடத்தில் பொறாமை வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் சாப்பாட்டு நேரம் ஆனதும் அவள் முதலில் திறப்பது டப்பாவை அல்ல, போனை. அந்தத் திருடி இன்றைக்கு என்ன செய்திருக்கிறாள் என்று பார்ப்பாள். நூலகத்தில் பயணக் கதை எடுத்திருப்பாள். ஷூவை ஒரு தடவை மாற்றி வாங்கியிருப்பாள். அக்காவின் மனதுக்குள் அவள் நாளுக்கு நாள் வளர்ந்தாள். உயரமாக இருந்தாள். ஒல்லியாக இருந்தாள். செந்நிற ஷூ போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடந்தாள். அவள் வீட்டில் ஊறவைத்த துணி கிடையாது. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய் கிடையாது. 'அம்மா, என் சார்ஜர் எங்கே?' என்கிற குரல் கிடையாது.

ஒரு நாள் ஓவிய ஆசிரியையே எழுதியிருந்தார். 'போன வாரம் நீங்கள் வரைந்த குடுவையை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். நிழலை இவ்வளவு நன்றாகப் போடுகிறவர்கள் என் வகுப்பில் அபூர்வம்.'

அக்கா போனை மேசை மேல் கவிழ்த்துவைத்தாள். "என் பேரைத் திருடினவளுக்கு நிழல்கூட நல்லா விழுது பாருங்க!" என்றாள்.

மெழுகுக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். "எடுத்துக்கிட்டுப் போன பேரை நல்லபடியாத்தானே வெச்சிருக்கா? விடேன்."

"அப்ப நான் வெச்சுக்கிட்டு என்ன நாசமாக்கிட்டேன்?"

அவர் மறுபடி மெழுகுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வரை அவள் நட்ட பல் எதுவும் நேராக நிற்கவில்லை. தன் முகவரிக்கு என்னென்ன வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மின்கட்டண நினைவூட்டல். கல்லூரிக் கட்டண நினைவூட்டல். கண் பரிசோதனைக்கு நாள் தாண்டிவிட்டது என்று ஒன்று. அவளுக்கென்று வருவதெல்லாம் எதையாவது செய்யச் சொல்லி வருகிறது. மற்றவளுக்கு வருவதெல்லாம் ஏதோ வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்ல வருகிறது. பேர் ஒன்றுதான். ஒரே பேரை ஒருத்தி எப்படி உடுத்திக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி எப்படிக் கரித்துணியாக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே போனைப் பைக்குள் திணித்தாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மகளுக்கு இது தினமும் பார்க்கிற தொடர் மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "அம்மா, ரெண்டாவது அம்மா இன்னிக்கு என்ன பண்ணாங்க?" என்பாள். கணவரோ அதற்கும் மேலே போனார். பியானோக் கடை, 'தங்கள் கட்டடத்து லிஃப்ட்டின் அளவைத் தெரிவிக்க இயலுமா?' என்று கேட்டு எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"எந்த லிஃப்ட்டுன்னு தெரிஞ்சா சொல்லிடலாம். பழைய கட்டடமா இருந்தா உள்ளே கைப்பிடிக் கம்பி துருத்திக்கிட்டு நிக்கும். பியானோ இடிக்கும்."

"இடிக்கட்டும்."

"பியானோம்மா. இடிச்சா சுருதி கெட்டுப் போகும்."

"உங்களுக்கு எப்ப இருந்து சுருதி தெரியும்?"

அவர் அதோடு வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. போனில் எதையோ தேடப்போனவளின் கண்ணில், அனுப்பிய கடிதங்களின் இடத்தில், தான் எழுதாத ஒன்று பட்டது. அவள் பேரிலேயே கடைக்குப் போயிருந்தது. 'ஐயா, லிஃப்ட்டின் கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிட்டால் பியானோ நிமிர்ந்தபடியே உள்ளே போகும். படிக்கட்டு வழியாக வேண்டாம். கம்பியை ஆள் வைத்துக் கழற்ற வேண்டும், கடப்பாரை போட்டு நெம்பக் கூடாது.'

அவர் அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான். அவங்க கேட்டு ரொம்ப நாளாச்சு. பதிலே போகலைன்னா கொண்டுவந்து எங்கேயாவது இடிச்சு வெப்பாங்க."

"யாரோட பியானோவை?"

"உன் பேர்லதானே வருது?"

"நமக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து எனக்குன்னு கேட்டு வாங்கினது ஒரே ஒரு அலமாரி. அது ஒரு மாசம் கீழ்வீட்டு வாசல்ல கிடந்துச்சு. லிஃப்ட் மெக்கானிக் வீட்டு அலமாரி! கேக்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்குன்னீங்க. எவளோ ஒரு திருடிக்குக் கேக்காமலே ஓடிப்போய் யோசனை சொல்றீங்க!"

"அலமாரியை மேல ஏத்தினேன்ல?"

"ஏத்தினது நீங்க இல்லை. நானும் கீழ்வீட்டுக்காரரும்!"

அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். துவட்டி முடித்த தலையையே திரும்பத் திரும்பத் துவட்டினார். மகள் பாடம் படிக்கிற பாவனையில் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மறுநாளே கடையிலிருந்து பதில் வந்தது. 'மிக்க நன்றி. தாங்கள் சொன்னபடியே லிஃப்ட் வழியாக ஏற்றுகிறோம். கம்பியைக் கழற்றத் தங்கள் தரப்பில் ஆள் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறோம். சனிக்கிழமை மதியம் கீழ்க்கண்ட முகவரிக்கு வருகிறோம்.' கீழே முகவரி இருந்தது. பல்செட் கூடத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தாள். திருடியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவள் எதற்காக இருப்பதிலேயே நல்ல உடையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், எதற்காகக் காதுக்குத் தோடு மாற்ற வேண்டும் என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்திருக்காது. பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'நான் யாரு தெரியுமா? நான்தான் நீ' என்று தொடங்குவதாக இருந்தது.

அந்தத் தெருமுனையில் திரும்பியதுமே பியானோ தெரிந்தது. சாம்பல் நிறப் போர்வைகளைச் சுற்றி வாரால் இறுக்கி, நடைபாதையில் நிறுத்தியிருந்தார்கள். லேசாகத் தூறல் போட ஆரம்பித்திருந்தது. தூக்குகிற ஆட்கள் நான்கு பேர், ஆளுக்கொரு பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய தலைவர், எதிரே நின்ற ஒரு பெண்ணிடம் இரைந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் குட்டையாக, கொஞ்சம் பருமனாக, மழை பட்ட மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குக்கூடக் கை வராமல் நின்றுகொண்டிருந்தார். காலில் செந்நிற ஷூ.

"ஆளை வெச்சுக் கழட்டணும்னு நீங்கதானே எழுதினீங்க? கம்பியைக் கழட்டாம எப்படிம்மா உள்ளே தள்றது?"

"நான் எதையுமே எழுதலைங்க. எந்தக் கம்பி? எனக்கு ஒண்ணும் புரியலை."

"உங்க பேர்லதான் வந்திருக்கு. பாருங்க!" என்று அவர் தன் போனை நீட்டினார்.

அந்தப் பெண் படித்தார். படித்துவிட்டு ஓரடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஐயோ. இது நான் இல்லை. என் பேர்ல வேற யாரோ எழுதறாங்க. யாரோ என்னைத் திருடிட்டாங்க. கொஞ்சம் இருங்க, நான் முதல்ல போலீசுக்குப் பேசணும்" என்று போனைத் தடவ ஆரம்பித்தார்.

பல்செட் அக்கா நல்ல உடையும் புதுத் தோடுமாகத் தெருவிளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பிடிக்க வந்த திருடி தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் பயம், வங்கிக்கு ஓடிய காலையில் தனக்கு இருந்த அதே பயம்.

"போன் பண்ணாதீங்க. அதை எழுதினது என் வீட்டுக்காரரு" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீங்க யாரு?"

அக்கா முதலெழுத்தோடு தன் பேரைச் சொன்னாள்.

"அது என் பேரு" என்றார் அந்தப் பெண்.

"எனக்கும் அதுதாங்க பேரு. பொறந்ததிலிருந்து அதுதான்."

கட்டட வாசலின் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்று இருவரும் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மர்மம் ஒன்றும் பெரிதாக இல்லை. அந்தப் பெண்ணின் முகவரியில் பேருக்குப் பின்னால் இரண்டு எண்கள் இருந்தன. ஊர் மாறி வந்த புதிதில் போனும் புதிதாக வாங்கியிருக்கிறார். முதல் தடவை முகவரியைத் தட்டும்போது அந்த எண்களை விட்டுவிட்டார். அதற்கப்புறம் எங்கே கேட்டாலும் போனே அந்தத் தப்பு முகவரியை எடுத்து நிரப்பிக் கொடுத்திருக்கிறது. கடை, நூலகம், வகுப்பு எல்லாம் அப்படியே அக்காவின் வாசலில் வந்து இறங்கியிருக்கின்றன. செருப்புக்கடைக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியதும் அவரேதான், கடையிலேயே நின்று.

"அதானே பாத்தேன்! யாருமே எனக்கு ஒரு வரி எழுத மாட்டேங்கறாங்களேன்னு நினைச்சேன். இந்த ஊர்ல எல்லாரும் இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். நீங்க எவ்ளோ பயந்திருப்பீங்க! என்னால வந்த வினை. மன்னிச்சுக்கோங்க" என்று அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்கிறவர் மேல் எரிந்து விழவும் முடியாது. அது அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவள் கொஞ்சமாவது திமிர் பிடித்தவளாக இருந்திருக்கக் கூடாதா?

"ரெண்டு பேரும் ஒரே பேரா இருங்க, வேணாம்னு சொல்லலை. பியானோ நனையுது. கம்பியைக் கழட்ட ஆள் எங்கே?" என்றார் தூக்குகிறவர்களின் தலைவர்.

அக்காவுக்கு ஆள் எங்கே என்று தெரியும். சனிக்கிழமை மதியம் வீட்டில் கட்டிலில் நீட்டிப் படுத்திருப்பார். அவரை இங்கே வரவழைப்பதற்கு அவளுக்குக் கொஞ்சமும் மனசில்லை. தூறல் வலுத்தது. போர்வையின் ஓரம் கறுத்து நனைந்தது. போனை எடுத்தாள்.

"ஏங்க, பையை எடுத்துக்கிட்டு நான் சொல்ற இடத்துக்கு வாங்க. ஆமா. அந்தப் பியானோதான். கேள்வி கேக்காதீங்க, வாங்க."

அலமாரியை ஒரு மாதம் கீழேயே போட்டுவைத்தவர் பறந்து வந்தார். வண்டியை நிறுத்திய கையோடு லிஃப்ட்டுக்குள் நுழைந்து, தரையைக் காலால் தட்டிப் பார்த்து, எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருந்த தகட்டைப் படித்து, திருகுகளைக் கழற்றிக் கம்பியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தார். "மேடம், நீங்க கவலைப்படாதீங்க. ஒரு கீறல் விழாது மேடம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்." ஒவ்வொரு மேடத்துக்கும் அக்காவின் வயிற்றில் ஒரு கரண்டி நெருப்பு விழுந்தது. அவரிடம் இப்படி ஒரு சுறுசுறுப்பு இருக்கிறது என்பதே அவளுக்குச் செய்தி. பியானோ நிமிர்ந்தபடியே உள்ளே போயிற்று. கதவு மூடியதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை மகள் பிறந்த அன்று பார்த்ததுதான்.

மேலே அந்த வீடு அநேகமாகக் காலியாக இருந்தது. பியானோவைச் சுவரோரம் வைத்துவிட்டு ஆட்கள் போனார்கள். கணவர் கம்பியை மறுபடி மாட்டக் கீழே இறங்கினார். பெண்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"உங்களுக்கு நல்லா வாசிக்க வருமா?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரு மண்ணும் தெரியாது. இனிமேதான் கத்துக்கணும்" என்று சிரித்தார் மற்றவர். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலையாம். இத்தனை வருஷமும் அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறார். அண்ணன் பிள்ளைகள் மூன்று பேரையும் வளர்த்ததே இவர்தானாம். வேலை மாற்றலாகி வந்த பிறகுதான் முதல் தடவையாகத் தனி வீடு. "சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்குங்கறதே இன்னும் நம்ப முடியலை. சாயங்காலம் வந்து நானே பூட்டைத் திறக்கறப்ப சில நாள் சிரிப்பு வந்துடும். உட்காருங்க, நிக்கறீங்களே."

உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, ஜன்னலை ஒட்டி. அக்கா உட்கார்ந்தாள். தினம் ஒரே ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த மெத்தை ஓரிடத்தில் பள்ளமாகி இருந்தது. கை வைக்கும் இடத்தில் ஒரு டம்ளர் வைக்கிற அளவுக்கு அகலம். கீழே தெருவில் குடைகள் நகர்ந்தன. சத்தம் எதுவும் மேலே வரவில்லை.

அப்போது வந்ததுதான் அவள் வாழ்நாளிலேயே பெரிய பொறாமை. பியானோ மேல் இல்லை. ஷூ மேல் இல்லை. அந்த நாற்காலி மேல். அவள் வீட்டில் நாற்காலிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அவளுக்கென்று ஓர் இடம் கிடையாது. சாப்பாட்டு மேசையில் அடுப்புக்கு எழுந்து ஓட வசதியான மூலை. டிவிக்கு முன்னால் துணி மடிக்கிற ஓரம். கட்டிலில் சுவர்ப் பக்கம். எங்கே உட்கார்ந்தாலும் எழுந்திருக்கிற தோதில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சட்டென்று எழுந்துவிட்டாள்.

"ஏன், சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, அழுதுவிடக் கூடாதே என்ற பயத்தில்.

வந்த கடிதங்களையெல்லாம் கீழேயே ஒவ்வொன்றாக இவருக்கு அனுப்பியாகிவிட்டது. ஒன்றைத் தவிர. ஓவிய ஆசிரியை எழுதியதை அக்கா அனுப்பவில்லை. மறந்து போனதல்ல. அதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. கதவு வரைக்கும் போனவள், செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க ஓவிய டீச்சர் ஒண்ணு எழுதியிருந்தாங்க. நீங்க நிழல் போடறது ரொம்ப அபூர்வமா இருக்காம்."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவு நேரம் ஈரமாகவே போட்டுக்கொண்டிருந்த கண்ணாடியை இப்போதுதான் துடைத்தார். "யாரும் என்கிட்ட அப்படி எதுவும் சொன்னதில்லைங்க" என்றார். அக்கா அங்கேயே நின்றபடி அந்தக் கடிதத்தையும் அனுப்பிவைத்தாள்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது கணவர், "பாவம், நல்ல மனுஷி" என்றார்.

"எதுக்குப் பாவம்? என்ன பாவத்தைக் கண்டீங்க? தனியா ஜன்னலோரமா உட்கார்ந்திருக்காங்க. யாரும் எழுப்பறதில்லை. நான்தான் பாவம்."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "உனக்கும் ஒரு பியானோ வேணுமா?" என்றார் பயந்து பயந்து.

"ஒரு நாற்காலி வேணும்."

திங்கட்கிழமை வங்கிக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். காவல் நிலையத்துக்குப் போன் செய்து சொன்னபோது, அந்த அதிகாரி எல்லாவற்றுக்கும் முன்னால், "பியானோ நல்லபடியா வந்து சேர்ந்துச்சா?" என்றுதான் கேட்டார். அந்த வாரமே பால்கனியில் அடைந்து கிடந்த கணவரின் கம்பிச் சுருள்களும் சாமான் பெட்டிகளும் கட்டிலுக்கு அடியில் போயின. அந்த இடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி வந்தது. அக்கா நின்று, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது சட்டம். கணவர் ஒரு தடவை தெரியாமல் உட்கார்ந்து, அவள் பார்த்த பார்வையில் தானாகவே எழுந்தார். வேலை முடிந்து வந்ததும் அவள் அங்கே போய் உட்காருவாள். ஒன்றும் செய்ய மாட்டாள். உள்ளே யாராவது கூப்பிட்டால், "உட்கார்ந்திருக்கேன்" என்பாள், அதுவும் ஒரு வேலை என்கிற மாதிரி.

மின்னஞ்சல்கள் நின்றுபோயின. அதுவும் ஒரு குறையாகத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பழக்கதோஷத்தில் போனைத் திறப்பாள். மின்கட்டணம் மட்டும் இருக்கும். "என்னம்மா, உன் திருடி எப்படி இருக்கா?" என்று மெழுகுக்காரர் கேட்டால், "யாருக்குத் தெரியும், நல்லாத்தான் இருப்பா" என்று உதட்டைச் சுழிப்பாள். இந்நேரம் எந்தப் புத்தகத்தை எடுத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே ஒரு கடைவாய்ப் பல்லைத் தலைகீழாக நட்டதும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. மகள்தான் போய்க் கதவைத் திறந்தாள். செந்நிற ஷூவைப் பார்த்ததும், "அம்மா! ரெண்டாவது அம்மா வந்திருக்காங்க!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருந்தகத்து அம்மா ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தார். கம்பி கழற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தாராம். கணவர் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க மேடம்" என்றார். அக்கா தேநீர் போட உள்ளே போனாள்.

தட்டோடு திரும்பி வந்தபோது அவள் கால் அப்படியே நின்றது. மகள் பெரிய உபசாரம் செய்கிற நினைப்பில் விருந்தாளியைப் பால்கனிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அந்த அம்மா பிரம்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, "அடடா, என்ன சுகமான இடம்! எனக்குப் பொறாமையா இருக்குங்க" என்றார்.

கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல அறைக்குள் நழுவினார். மகளுக்கும் அப்போதுதான் உறைத்தது. அவளும் நழுவினாள். அக்கா தேநீரைக் கொடுத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். பிரம்பு ஒவ்வொரு தடவை கிரீச்சிடும்போதும் பல்லைக் கடித்தாள். இருந்தாலும், தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமை என்று சொன்னதை மனசு ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொண்டது. கோப்பை காலியாகிற வரை பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"வாங்களேன், மொட்டைமாடிக்குப் போய்ப் பேசலாம். அங்கே காத்து நல்லா வரும்" என்றாள்.

அந்த அம்மா உடனே எழுந்துகொண்டார். மொட்டைமாடியில் காற்றே இல்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருவரும் நின்றுகொண்டே வெகுநேரம் பேசினார்கள்.